ஒரே பெட்டிக்கு இரண்டு பொட்டு

அந்த இரும்புப் பெட்டியின் நெற்றியில் இரண்டு குங்குமப் பொட்டு இருக்கும். ஒன்று அந்தப் பெட்டிக்கு. இன்னொன்று காஞ்சிபுரத்தில் இருக்கிற, நான் கண்ணால் பார்க்காத வேறொரு பெட்டிக்கு. ஆயுத பூசையன்று எங்கள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே மெஷினிலிருந்து குழந்தை எடை பார்க்கிற தராசு வரைக்கும் சந்தனம் தடவிப் பொட்டு வைப்பது என் வேலை. கம்ப்யூட்டர் அறைக்குத் தட்டோடு போனபோது சிஸ்டம் சார் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, "ஆயா, காஞ்சிபுரத்து சர்வருக்கும் சேத்து இதுலயே ஒண்ணு வெச்சிடு. அது இல்லன்னா இது பாதி வேலதான் செய்யும்" என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். இதுவரைக்கும் எந்த மெஷினும் ஊரில் இல்லாத தன் கூட்டாளிக்குப் பொட்டு கேட்டதில்லை.

உத்திரமேரூரில் அந்த ஆஸ்பத்திரியைக் கூட்டிப் பெருக்கி, டீ போட்டுக் கொடுக்கிறவள் நான். எழுத்து தெரியாது. இதை எழுதுவது என் மகளுடைய மூத்த பெண். நான் ஒன்று பேசினால் அதைப் பள்ளிக்கூடத் தமிழாக்கித்தான் எழுதுகிறாள். ஏன்டி என்றால், "படிக்கறவங்களுக்குப் புரிய வாணாமா ஆயா" என்கிறாள். சரி, அவளுக்காவது புரிந்தால் போதும்.

சிஸ்டம் சார் சாலவாக்கம் பக்கத்துப் பிள்ளை. எலும்பும் தோலுமாக இருப்பார். கைக்கடிகாரம் முழங்கை வரைக்கும் ஏறி இறங்கும். டீயை வைத்தால் ஆறின பிறகுதான் குடிப்பார், குடித்துவிட்டு "இன்னிக்கி சூடே இல்லியே" என்று என்னையே குறை சொல்வார். எங்கள் சின்ன ஆஸ்பத்திரியைக் காஞ்சிபுரத்தில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியோடு சேர்த்தபோது வந்தவர். இங்கே வருகிறவர்களின் விவரம் இங்கிருக்கிற சர்வரில், அதுதான் நான் பொட்டு வைக்கிற இரும்புப் பெட்டி, அதில் இருக்கும், அங்கே போனவர்களின் விவரம் அங்கே. இரண்டும் வேறு வேறு ஆட்கள் செய்து கொடுத்தவை. சார் என்ன செய்தார் என்றால், இங்கே உட்கார்ந்து கேள்வி கேட்டால் இந்த சர்வரே காஞ்சிபுரத்து சர்வரிடம் போய்க் கேட்டு, பதிலை வாங்கி வந்து, தன் சொந்தச் சரக்கு மாதிரி திரையில் வைக்கும்படி செய்தார். "அப்ப அங்க கீறதெல்லாம் இங்க வந்துடுச்சா சார்?" என்று கேட்டேன். "இல்ல ஆயா. இங்க ஒண்ணும் தங்காது. கேட்டா எட்டிப் பாத்து சொல்லும், அவ்ளோதான். எடுத்து மாத்தி வெக்கறதுக்கெல்லாம் நமக்குப் பர்மிஷன் கெடையாது" என்றார்.

எனக்கு அது நன்றாகவே விளங்கியது. என் வீட்டுக்காரரும் அவர் அண்ணனும் பாகம் பிரித்தபோது நடுச்சுவரில் ஓர் ஓட்டை விட்டு, இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே பல்பை அதில் மாட்டினார்கள். கரண்ட் செலவு மிச்சம். நான் அடுப்படியில் நின்றால் ஓட்டை வழியாக ஓரகத்தியின் குழம்புச் சட்டி தெரியும். கத்தரிக்காய் கருகுவது தெரியும், அவள் வாசலில் கதை பேசிக்கொண்டிருப்பதும் காதில் விழும். கத்தத்தான் முடியும், கையை விட்டுக் கிளற முடியாது. இதைச் சொன்னபோது சார் வாய்விட்டுச் சிரித்தார். "அதே பல்புதான் ஆயா இது" என்றார்.

ஆரம்பத்தில் அது பெரிய பேஜாராகவும் இருந்தது. ஒரு பொம்பளையின் விவரம் வேண்டுமென்று கேட்டால் திரை அப்படியே உறைந்து நிற்கும். என்னவென்று பார்த்தால், அந்த ஒருத்தியைத் தேடிக் கொடுக்காமல் காஞ்சிபுரத்தில் இருக்கிற அத்தனை பேர் விவரமும் கம்பி வழியாக இங்கே வந்து இறங்கி, இங்கே வந்த பிறகுதான் ஒருத்தியைப் பொறுக்குமாம். ஒரு தேங்காய் கேட்டவன் வாசலில் வண்டி வண்டியாய்க் கொட்டிவிட்டுத் தேடச் சொல்வது போல. பிறகு சார் கேள்வியை மாற்றி எழுதினார். தேடுகிற வேலையை அங்கேயே முடித்து, வேண்டியதை மட்டும் அனுப்பு என்று. அன்றைக்கு டீயைச் சூடாகக் குடித்தார்.

என் மகளுக்குப் பொன்னியம்மா என்று பேர். எங்கள் பக்கம் தலைச்சன் பெண்ணுக்கு ஊர் அம்மன் பேரை வைத்தாக வேண்டும், வைக்காவிட்டால் பிள்ளைக்கு ஆகாது. அவள் அப்பா பேர் ஏகாம்பரம். காஞ்சிபுரம் ஜில்லாவில் ஏகாம்பரம் என்று கூப்பிட்டால் தெருவில் பாதி ஆம்பளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். முன்பு ஒரு தடவை கால் புண்ணுக்காக அவளைக் காஞ்சிபுரத்தில் சேர்த்தபோது பென்சிலின் ஊசி போட்டு, முகம் வீங்கி, மூச்சு நின்று, பிழைத்தது பெரும்பாடு. இனிமேல் அந்த ஊசியே ஆகாது என்று கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டதாகச் சொன்னார்கள். நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது பிரசவத்துக்கு எங்கள் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தோம். அன்று சனிக்கிழமை. பிரஷர் ஏறிவிட்டது, ஆபரேஷன்தான், காஞ்சிபுரத்துக்குக் கொண்டுபோங்கள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். காஞ்சிபுரத்தில் காட்டுகிற சீட்டு வாங்க சாரிடம் ஓடினேன். அவர் பேரை அடித்தார். திரையில் ஒன்றின் கீழ் ஒன்றாக இரண்டு வரி வந்தது. இரண்டு பொன்னியம்மா, இரண்டு பேருக்கும் அப்பா ஏகாம்பரம், வயசும் ஏறக்குறைய ஒன்று. கீழ் வரியில் மட்டும் சிவப்பாக ஒரு குறி.

"ஆயா, ஊசி ஒத்துக்காதது உன் பொண்ணுக்குத்தான?"

"ஆமா சார். அங்கதான சொன்னாங்க, கம்ப்யூட்டர்ல கீதுன்னு."

"கீது. ஆனா திருப்புலிவனத்துப் பொன்னியம்மா மேல கீது. உன் பொண்ணு பேருக்கு நேரா ஒண்ணும் இல்ல."

அங்கே எவரோ பேரைப் பார்த்துவிட்டு ஊரைப் பார்க்காமல் ஏற்றியிருக்கிறார்கள். "மாத்திடேன் சார்" என்றேன். அவர் விசைகளின் மேலிருந்த கையை எடுத்தார். காஞ்சிபுரத்துக்குப் போன் போட்டார். அந்தப் பக்கத்தில் பேசியவர், திருத்துகிற உரிமை உள்ளவர் லீவு, திங்கட்கிழமை வருவார், மெயில் போடுங்கள் என்றார். "திங்கக்கெழம வரிக்கும் பிரசவத்த நிறுத்தி வெக்க முடியுமா சார்?" என்று இவர் கேட்டார். அதற்கு அவர் என்ன சொன்னாரோ, போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "தப்பு கண்ணுக்கு நேரா கீது ஆயா. பாத்துக்கினே இருக்கேன். கை போவல" என்றார். நான் பெற்றவள், நிற்கிறேன். எல்லாம் தெரிந்த அவரும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்.

காஞ்சிபுரத்துக்குக் கொடுக்கிற சீட்டையும் மெஷின்தான் அடிக்கும். அங்கே இருப்பதைப் பார்த்து, ஆகாத மருந்து எதுவும் இல்லை என்றே அடித்தது. நர்ஸ் பேனாவால் கீழே திருத்தி எழுதினாள். சாருக்கு மனசு கேட்கவில்லை. டிரஸ்ஸிங் அறையிலிருந்து வெள்ளைப் பிளாஸ்திரியைக் கிழித்து வந்து, பெரிய எழுத்தில் எதையோ எழுதி, ஸ்ட்ரெச்சரில் கிடந்த என் மகளின் மணிக்கட்டில் சுற்றி ஒட்டினார். "ஆயா, இந்தக் கைய வுடாத. ஊசின்னு எவங்க வந்தாலும் மொதல்ல இதக் காட்டு" என்றார்.

ஆம்புலன்ஸில் போகிற வழியெல்லாம் அந்தக் கையைப் பிடித்திருந்தேன். அவளுக்கு வலி, நான் இறுக்கிப் பிடித்ததில் இன்னும் வலி. "எம்மா, வுடும்மா, நா எங்கயும் ஓடல" என்றாள். நான் பிடித்திருந்தது என்ன எழுத்து என்று எனக்குத் தெரியாது. வியர்வையில் அழிந்துவிட்டால்கூட அழிந்தது எனக்குத் தெரியாது. அதை நினைத்து நினைத்து முந்தானையால் ஓரத்தை ஒற்றிக்கொண்டே போனேன்.

அங்கே வாசல் மேஜையில் சீட்டை வாங்கி, "இதெல்லாம் எங்க சிஸ்டம்லயே கீது" என்று ஓரமாகப் போட்டுவிட்டார்கள். உள்ளே ஒரு நர்ஸ் தட்டில் ஊசியோடு வந்தாள். இந்த ஊசி ஆகாதும்மா என்றேன். "கம்ப்யூட்டர்ல அப்பிடி ஒண்ணும் இல்லியே பாட்டி" என்றாள். மகளின் கையைத் தூக்கி அவள் முகத்துக்கு நேரே காட்டினேன். படித்தாள். திரும்பவும் படித்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனாள். வேறு மருந்து வந்தது. பேரன் பிறந்தான்.

திங்கட்கிழமை சார் மெயில் போட்டார். அதற்கடுத்த வாரமும் போட்டார். ஒவ்வொரு தடவையும் திரையில் பேரை அடித்துப் பார்ப்பார், நான் டீத் தம்ளரோடு நிற்பேன், அவர் இல்லையென்று தலையை ஆட்டுவார். அந்தத் திருப்புலிவனத்துப் பொன்னியம்மாவுக்கு ஒத்துக்கொள்கிற ஊசியைப் போடாமல் வைத்திருப்பார்களே என்று வருத்தப்பட்டார். அப்புறம் மெட்ராஸில் வேலை கிடைத்துப் போய்விட்டார். போகிற அன்றைக்கும் டீயை ஆறவிட்டுத்தான் குடித்தார்.

பழைய பெட்டி இப்போது ஸ்டோர் ரூமில் கிடக்கிறது. புதிதாக வந்த பெட்டி கறுப்பாக, பாதி அளவுதான். போன ஆயுத பூசைக்கு அதிலும் இரண்டு பொட்டு வைத்தேன். இப்போது கம்ப்யூட்டர் பார்க்கிற பெண், "இன்னா ஆயா, ஒரு பெட்டிக்கு ரெண்டா?" என்று சிரித்தாள். கதையைச் சொன்னேன். சிரிப்பு நின்று, உட்கார்ந்து பேரை அடித்துப் பார்த்தாள். இரண்டு வரி வந்தது. சிவப்புக் குறி இன்னும் கீழ் வரியிலேயே இருந்தது.

"எனக்கும் பாக்கத்தான் முடியும் ஆயா" என்றாள்.

இந்தப் பக்கம் வைக்கிற பொட்டு அந்தப் பக்கம் போய்ச் சேருமா என்று நான் அவளைக் கேட்கவில்லை. விரலில் மிச்சமிருந்த குங்குமத்தை இரண்டாவது பொட்டின் மேலேயே இன்னொரு தரம் அழுத்தி வைத்தேன். டிரஸ்ஸிங் அறையில் ஒரு சுருள் பிளாஸ்திரி கேட்டு வாங்கி, இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.