விசிறிக்கும் றேடியேற்றருக்கும் நடுவே

எங்கள் ஏ40 காரை நான் சக்களத்தி என்றுதான் சொல்வேன். என் கணவர் என் முகத்தைப் பார்த்த நேரத்தைவிட அதன் பொனற்று மூடிக்குக் கீழே தலையை விட்டிருந்த நேரம் அதிகம். ஆனால் தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நான் நிறைமாதமாக இருந்தபோது, அந்தச் சக்களத்தியைத்தான் நம்பவேண்டியிருந்தது.

அது எனக்கு இரண்டாவது முறை. முதல் முறை வலி எடுத்தபோது கார் சில்லில்லாமல் கல்லின்மேல் நின்றது. எங்கள் ஊர் உடுப்பிட்டியிலிருந்து என்னைச் சைக்கிள் கரியரில் இருத்தித் தள்ளிக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். போய்ச் சேர நேரமாகிவிட்டது, பிள்ளை தங்கவில்லை. மறுமாதமே காரைத் திருத்தத் தொடங்கினார்.

யுத்தமும் பொருளாதாரத் தடையுமாக, பெற்றோலை மருந்துப் போத்தலில் வாங்கிய காலம் அது. காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு இயந்திரத்தை எழுப்பிவிட்டு, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். மண்ணெண்ணெய் குடித்த கார் இரண்டு மைல் போவதற்குள் கொதித்து ஆவி கக்கும். இயந்திரத்தைக் குளிரவைக்கவேண்டிய எங்கள் காரின் றேடியேற்றரோ உக்கிப்போய் ஒழுகிக்கொண்டிருந்தது. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்த என் அண்ணை, கைவிட்ட வான் ஒன்றிலிருந்து கழற்றிய றேடியேற்றரைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

நல்ல றேடியேற்றர்தான். ஆனால் பழையதைவிடத் தடிப்பு. பூட்டி முடித்துப் பார்த்தால், அதற்கும் பின்னால் சுற்றுகிற விசிறிக்கும் நடுவே ஒரு பென்சில்தான் நுழையும்.

“காணும் மச்சான், இவ்வளவு இடைவெளி போதும். முட்டாது,” என்றார் அண்ணை.

“ஓம், ஓம்,” என்றார் என் கணவர். இந்த இரண்டு பேரும் ஒத்துப்போனாலே ஏதோ பிழைக்கப்போகிறது என்று அர்த்தம்.

ஓடிப் பார்க்கப் போனவர்கள் காரைத் தள்ளிக்கொண்டு திரும்பி வந்தார்கள். எங்கள் வீட்டு ஒழுங்கை முடிந்து தெரு தொடங்குகிற இடத்தில் ஒரு மதகு, அதற்கு அடுத்தாற்போல் ஒரு பெரிய பள்ளம். கார் அதில் இறங்கியதுமே விசிறி போய் றேடியேற்றரைக் கடித்துவிட்டதாம். இயந்திரம் உட்கார்ந்திருக்கும் றப்பர்கள் கடையில் கிடைக்காததால், அண்ணை லொறி ரயரில் வெட்டிப் போட்டிருந்தார். முற்றத்தில் நிற்கும்போது ஆடாமல் இருந்த இயந்திரம், பள்ளத்தில் விழுந்ததும் முன்னுக்குச் சரிந்திருக்கிறது. எவ்வளவு சரிந்தது என்று இருவருக்கும் தெரியவில்லை. ஓடும்போது பொனற்றைத் திறந்து வைத்துப் பார்க்கவா முடியும்?

அண்ணை ஈயம் பற்றவைத்து ஓட்டையை அடைத்தார். மூன்று நாள் போனது. “கொஞ்சம் சரிஞ்சிருக்கும்,” என்பார் ஒருவர். “இல்லை, கனக்கச் சரிஞ்சிருக்கும்,” என்பார் மற்றவர். எனக்கோ நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. குசினியில் ரொட்டிக்கு மாக் குழைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்த எனக்குக் கோபம் தலைக்கேறியது. மாவில் என் விரல்கள் பதிந்த பள்ளங்களைப் பார்த்தேன். ஒரு உருண்டையைக் கிள்ளி எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன்.

“உதிலை அப்பிப்போட்டு ஓடிப் பாருங்கோ. எவ்வளவு முட்டுது எண்டு மா சொல்லும்.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள், மாவைப் பார்த்தார்கள். பிறகு சின்னப் பிள்ளைகள் மாதிரி றேடியேற்றரில் மாவை அப்பிவிட்டு, கையோடு இயந்திரத்தையும் எழுப்பினார்கள். விசிறி சுற்றியது. அடுத்த நிமிடம் என் கணவரின் மீசையிலும், அண்ணையின் சேட்டிலும், பக்கத்தில் நின்ற வாழையிலும் ரொட்டி மா. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அத்தனை மாதத்தில் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

“விசரா, பெல்ற்றைக் கழட்டோணும்!” என்று அண்ணை தன்னையே திட்டிக்கொண்டார். பெல்ற்றைக் கழற்றினால் இயந்திரம் ஓடும், விசிறி சுற்றாது. மதகுவரை போய் வருவதற்குள் கொதிக்கவும் மாட்டாது. மறுபடி மா அப்பினார்கள், மெதுவாகப் பள்ளத்தில் இறக்கி ஏற்றித் திரும்பி வந்தார்கள். பொனற்றைத் திறந்தால், கீழ்ப்பக்க மாவை விசிறித் தகடு தகரம்வரை வெட்டியிருந்தது.

றேடியேற்றரை முன்னுக்குத் தள்ள இடமில்லை. அப்படியென்றால் விசிறிதான் பின்னுக்குப் போகவேண்டும். அண்ணை விசிறியைக் கழற்றினார். அதற்குப் பின்னால் ஒரு விரல் தடிப்பில் வட்ட இரும்பு ஒன்று இருந்தது, விசிறியை முன்னுக்குத் தள்ளி வைப்பதற்காகவே போட்டது. அதை எடுத்துவிட்டு, இப்போது நீளம் கூடிப்போன ஆணிகளை இரும்பு அறுக்கும் வாளால் அறுத்துப் பூட்டினார். திரும்ப மா அப்பி ஓடினார்கள். இந்த முறை மாவில் ஒரு கீறலும் இல்லை.

“அப்பிடியே கிடக்குது!” என்று என் கணவர் துள்ளினார். ஒரு வருடத்துக்குப் பிறகு அவர் முகத்தில் அந்தச் சந்தோஷத்தைக் கண்டேன். மாவைச் சுரண்டிவிட்டுப் பெல்ற்றைத் திரும்பப் பூட்டினார்கள்.

வலி ஒரு வெள்ளிக்கிழமை காலை, கிணற்றடியில் வைத்து எடுத்தது. அண்ணை முன்சீற்றில் ஏற, நான் பின்னால் கால் நீட்டிச் சாய்ந்துகொண்டேன். கார் புகை கக்கிக்கொண்டு புறப்பட்டது. மதகு வந்தது. கார் பள்ளத்தில் தொம்மென்று இறங்கி ஏறியது.

“முட்டேல்லை!” என்று அண்ணை கத்தினார். நான் வலியில் கத்தினேன். என் கணவர் காரை விரட்டினார்.

கார் கொதிக்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்றதும் என் பக்கத்துக் கதவைத் திறக்கவேண்டிய மனிசன் ஓடிப்போய்ப் பொனற்றைத் திறந்து உள்ளே கையை விட்டார்.

“இஞ்சாருங்கோ, உது எங்கையும் ஓடாது. முதல் என்னை இறக்குங்கோ!” என்று நான் போட்ட சத்தத்தில் வாசலில் நின்ற சனமெல்லாம் திரும்பிப் பார்த்தது.

மத்தியானத்துக்கு முன் மகள் பிறந்தாள். அவள் அழுத சத்தத்தைக் கேட்டதும் எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. அவரை உள்ளே விட்டபோது தாதி கைகளைக் காட்டச் சொன்னார். முழங்கைவரை கிறீஸ்.

“உந்தக் கையாலை பிள்ளையைத் தொடக்கூடாது,” என்று தாதி சொல்லிவிட்டார். சவர்க்காரம் கண்ணில் காணக் கிடைக்காத காலம், வெறும் தண்ணீருக்குக் கிறீஸ் போகுமா? அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கட்டிலருகில் குனிந்து, மகளின் முகத்தைப் பார்த்தபடியே நின்றார். கண்ணீர் மூக்கு நுனிவரை வந்துவிட்டது. அதைத் துடைக்கவும் அவரிடம் கையில்லை. என் சேலைத் தலைப்பால் நான்தான் துடைத்துவிட்டேன்.