ஆடிய மூடியும் என் மனைவியின் அக்காவும்

அந்தப் பட்டறையில் போய் "பவுடர் இருக்காங்களா" என்று கேட்டால் எல்லாக் கையும் ஒரே பக்கம் நீளும். அங்கே ஏதாவது ஒரு லாரிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் தெரியும். என் மனைவியின் அக்கா அவர். நானும் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். முகத்துக்கு ஒரு நாளும் பவுடர் பூசாதவருக்கு அந்தப் பட்டப்பெயர் எஞ்சினால் வந்தது. ஆயில் எங்கே கசிகிறதென்று பார்க்க, முதலில் எஞ்சினைப் பளிச்சென்று கழுவுவார். காய்ந்ததும் மேலெல்லாம் முகப்பவுடரைத் தூவிவிட்டு ஓடவிடுவார். வெள்ளையில் கறுப்பாக ஒரு கோடு இறங்கும். கோடு தொடங்கும் இடம்தான் கசியும் இடம். அவருடைய வீட்டுக்காரர் தையல்காரர். வாங்கிவைக்கிற டப்பாவெல்லாம் லாரிக்கே போகிறது என்று மனுஷன் புலம்பாத நாள் கிடையாது.

பதினோரு வருஷம் அக்காவுக்கு அங்கே எஞ்சின் கழுவுகிற வேலைதான். ரப்பர் குழாயும் பிரஷ்ஷும் டீசல் வாளியும். கையில் ஏறிய வாடை சோப்புக்கு அசையாது என்று இன்றைக்கும் சோற்றை ஸ்பூனால்தான் சாப்பிடுவார். ஆனால் பழுதாகி வந்த எஞ்சின் ஒவ்வொன்றையும் அழுக்கோடு முதலில் பார்த்தது அவர் கண்தானே. எந்த எஞ்சின் எந்த இடத்தில் வாய் பிளக்கும், எது வேஷம் போடும் என்று மேஸ்திரிகளுக்கே எடுத்துக் கொடுப்பார். கடைசியில் முதலாளி இறங்கி வந்தார். ஒரு எஞ்சினை முழுக்க அக்காவே பிரித்துக் கட்டட்டும், அதுவரை எஞ்சின் மேசையில் வேலை பார்க்கட்டும், ஒரு வருஷம் அது திரும்பி வராவிட்டால் மேசை அவருக்கே, வந்துவிட்டால் பழையபடி குழாய்தான் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

அந்த ஒரு எஞ்சின் என் லாரியுடையது. நானாகக் கொடுத்தேன் என்று பெருமையடிக்க மாட்டேன். என் மனைவி கொடுக்கவைத்தாள். மூன்று நாள் வீட்டில் என் சோற்றை நானே போட்டுச் சாப்பிட்டேன். நாலாம் நாள் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன்.

நாலே மாதத்தில் வண்டி திரும்பி வந்தது. எஞ்சின் முழுக்க ஆயில். முன்பக்க சீலில் வழிகிறது, மேலே மூடியிருக்கிற டேப்பட் கவரில் வழிகிறது, ஆயில் அளக்கிற குச்சி தானாக மேலே எழும்பி நிற்கிறது. எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும், அது ஊரறிந்தது. பட்டறை கேட்டுக்குள் நுழையும்போதே ஆரம்பித்துவிட்டேன். வாளி தூக்குகிற கையில் எஞ்சினைக் கொடுத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன், எழுதக் கை கூசுகிறது. பக்கத்து டயர் கடைக்காரர் வேலையை விட்டுவிட்டு எட்டிப்பார்த்தார்.

கசிவு எப்போது ஆரம்பித்தது, எத்தனை நாளைக்கு ஒரு தடவை ஆயில் ஊற்றுகிறேன் என்று மட்டும் அக்கா கேட்டார். முதலாளி வந்து எஞ்சினைச் சுற்றிப் பார்த்தார். "சாயங்காலத்துக்குள்ள பார்த்துச் சொல்லுங்க. நீங்க போட்ட பிஸ்டன் ரிங்தான் போயிருக்குன்னா நாளைக்கு நான் எதுவும் சொல்லவேண்டியதில்ல" என்றார். அக்கா தானே குழாயை எடுத்து எஞ்சினைக் கழுவ ஆரம்பித்தார். அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. அப்போதும் என் வாய் மட்டும் அடங்கவில்லை.

பவுடர் தூவி ஓடவிட்டதும் ஐந்தே நிமிஷத்தில் நாலு இடத்தில் கறுப்புக் கோடு. அக்கா முகம் சுருங்கியது. ஒரு இடம் என்றால் சீல் பழுது. நாலும் சேர்ந்து கக்கினால் உள்ளே காற்று முட்டுகிறது என்று அர்த்தம். எஞ்சினுக்குள் சேரும் காற்று வெளியேறுகிற பிரீதர் குழாயைக் கழற்றி ஊதிப்பார்த்தார், அடைப்பில்லை. பிறகு ஆயில் ஊற்றுகிற வாயின் மூடியைக் கழற்றி, கவிழ்த்து, அதே ஓட்டைமேல் சும்மா வைத்தார். மூடி தடதடவென்று ஆடியது. புகை பக்கவாட்டில் பீறிட்டது. பட்டறையில் இதைப் பேக் கம்ப்ரஷன் என்பார்கள். பிஸ்டன் ரிங் சரியில்லாமல் எரிகிற காற்று கீழே இறங்கி, போக வழியில்லாமல் ஆயிலைத் தள்ளுகிறது. சுற்றி நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் "பார்த்தீங்களா" என்றேன். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அக்கா விடவில்லை. ஸ்பேனரை எடுத்து முதல் சிலிண்டருக்கு டீசல் போகும் பைப்பின் நட்டைத் தளர்த்தினார். அந்த சிலிண்டர் செத்து எஞ்சின் நொண்டியது. குற்றவாளி அதுவென்றால் மூடியின் ஆட்டம் குறையவேண்டும். குறையவில்லை. நட்டை முறுக்கிவிட்டு இரண்டாவது. குறையவில்லை. மூன்று, நாலு, ஐந்து. ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மூடியையே பார்த்தோம். ஆறாவதும் முடிந்தது. மூடி அதுபாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது.

அப்படியானால் ஆறும் போச்சு என்றார் முதலாளி. அக்கா நிமிர்ந்தார். "ஆறும் சொல்லிவெச்ச மாதிரி ஒரே அளவுக்கா போகும்?" அந்தக் குரலில் பயம் போய் வேறு ஏதோ வந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து வண்டிக்கு அடியிலிருந்து "புஸ்" என்று ஒரு சத்தம். பிரேக் காற்று டேங்க் நிரம்பினால் வருமே, அந்தச் சத்தம். நாங்கள் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. அக்கா மட்டும் மூடியைப் பார்த்தபடி சிலையாக நின்றார். மூடி நின்றுவிட்டிருந்தது.

"தம்பி, மேல ஏறி பிரேக்கை மிதிங்க. நிறுத்தாம மிதிங்க."

ஏறி மிதித்தேன். காற்று இறங்க இறங்க மீட்டரில் முள் கீழே வந்தது. கீழேயிருந்து "ஆடுது, ஆடுது" என்றார்கள். காலை எடுத்துவிட்டுக் காத்திருந்தேன். முள் நகர்கிற நகர்வில் எனக்கு ஒரு வருஷம் போனது போலிருந்தது. புஸ். "நின்னுடுச்சு." மறுபடி மிதித்தேன், ஆடியது. நிரம்பியது, நின்றது. மூன்றாவது தடவை பட்டறையே வேலையைப் போட்டுவிட்டு வண்டியைச் சுற்றி நின்றது. தண்டவாளம் மாதிரி முகம் வைத்திருக்கும் முதலாளிகூட மூடிமேல் குனிந்துவிட்டார்.

அக்கா பேசப் பேச வார்த்தை முந்திக்கொண்டு வந்தது. எஞ்சின் பக்கத்தில் மாட்டியிருக்கிற ஏர் கம்ப்ரஸருக்கும் எஞ்சின் ஆயில்தான் போய் வருகிறது. அதன் ரிங் தேய்ந்தால் அது அடிக்கிற காற்று டேங்குக்குப் போகாமல் ஆயில் திரும்புகிற வழியாக எஞ்சின் வயிற்றில் இறங்கும். டேங்க் நிரம்பினால் கம்ப்ரஸர் காற்றடிப்பதை நிறுத்தும், மூடியும் நிற்கும். சொல்லிக்கொண்டே கம்ப்ரஸரிலிருந்து டேங்குக்குப் போகும் பைப்பைக் கழற்றிவிட்டார். காற்று வெளியே போனது. மூடி அசையவே இல்லை. எஞ்சின் ரிங் ஆறு சிலிண்டரிலும் கல் மாதிரி இருந்தது. யாரோ கை தட்டினார்கள்.

கை தட்டல் அடங்குவதற்குள் முதலாளி கேட்டார், கம்ப்ரஸரைப் பிரித்துக் கட்டியது யார் என்று. "நான்தான். எஞ்சினோட சேர்த்து அதுக்கும் புது ரிங் போட்டேன்" என்றார் அக்கா. ரிங் எதில் போனால் என்ன, போட்ட கை ஒன்றுதானே என்றார் முதலாளி. அக்கா மறுக்கவில்லை. "ஆமா, என் கைதான்" என்றார். நாலு மாதத்தில் எப்படித் தேய்ந்தது என்றுதான் புரியவில்லை என்று சொல்லிவிட்டு ஸ்பேனரைத் துடைக்க ஆரம்பித்தார்.

எனக்கு மட்டும் விஷயம் தெரியும். அந்தக் கம்ப்ரஸர் அக்கா கட்டியதே இல்லை. மூன்று மாதத்துக்கு முன் பாதி வழியில் பிரேக் காற்று ஏறாமல் நின்றேன். சாலையோரம் ஒருவன் பார்த்துவிட்டு, கம்ப்ரஸர் செத்துவிட்டது, வேறு மாட்டித் தருகிறேன் என்றான். அக்கா போட்டதைக் கழற்றி அவன் வைத்துக்கொண்டு, பார்த்தால் வித்தியாசம் தெரியாத அதே ரகப் பழையது ஒன்றை என் தலையில் கட்டினான். டேங்கின் வடிகால் திருகு தளர்ந்திருந்ததுதான் கோளாறு என்பது, அவன் முறுக்கிவிட்டது இரண்டு வாரம் கழித்து மறுபடி தளர்ந்தபோதுதான் எனக்கே தெரிந்தது. இப்படி ஏமாந்ததை வீட்டில் சொன்னால் மானம் போகும் என்று மூச்சு விடவில்லை. பிரேக் சாமானுக்கும் ஆயில் கசிவுக்கும் முடிச்சு உண்டென்று எனக்கு யார் சொன்னார்கள்? சும்மா இருந்தால் வண்டியும் சரியாகிவிடும், என் மானமும் தப்பிவிடும். நாளைக்குக் காலையில் அக்கா மட்டும் வாளியோடு நிற்பார்.

கிட்டே போய்க் காதோடு காதாகச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"காலையில என்னைத் திட்டினது தெரு முழுக்கக் கேட்டுச்சு, தம்பி. இதையும் அதே சத்தத்துல சொல்லுங்க."

முதலாளி பக்கம் திரும்பினேன். காலையில் திட்டிய அதே சத்தத்தில் கத்தினேன். கம்ப்ரஸர் அக்கா போட்டது இல்லை, நான் வழியில் ஏமாந்து மாற்றியது, அக்கா கட்டிய எஞ்சினில் ஒரு குறையும் கிடையாது. முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்த அடுத்த எஞ்சினை அக்காவின் மேசையில் இறக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நான் அத்தனை பேசியபோதும் கலங்காத அக்கா அப்போதுதான் லாரி பம்பரில் உட்கார்ந்து அழுதார்.