நாலாவது பட்டன்

ஆபீசில் அவருக்குத் தாவல்காரர் என்று பட்டப்பெயர். நாம் எழுதும் நிரலைச் சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக மாற்றுகிற கம்பைலரில், தாவல் அட்டவணை போடும் பகுதி அவர் கைவேலை. "ஒண்ணா, ரெண்டா, மூணான்னு வாசல் வாசலா விசாரிச்சிட்டு நிக்கக் கூடாதுப்பா. நம்பர் வந்ததா, அட்டவணையில அதுக்கு நேரா இருக்கிற முகவரிக்கு ஒரே தாவு!" என்பார். நடுவில் ஏதாவது எண்ணுக்கு வேலை எழுதாமல் விட்டிருந்தால்? கட்டம் காலியாக இருக்கக் கூடாது. ‘ஒன்றும் செய்யாதே’ என்ற இடத்தின் முகவரியைக் கம்பைலரே போட்டுவிடும்.

தொண்டை ஆபரேஷனில் மனைவிக்குக் குரல் போயிற்று. கட்டிலருகே வைக்க ஆறு பட்டன் கொண்ட பெட்டி ஒன்றைச் செய்தார். தண்ணீர், வலி, விளக்கு என்று எதை அழுத்தினாலும் பக்கத்து அறையில் அவர் மேஜையில் மணி அடிக்கும். நாலாவதற்கு மட்டும் இன்னும் வேலை எழுதவில்லை. அவள் நோட்டில் எழுதிக் காட்டினாள்: "சும்மா வந்து உக்காருங்கன்னு கூப்பிட."

"சும்மா வர்றதுக்கு ஒரு பட்டனா? சரி தாயே, நாளைக்கு எழுதிடறேன்."

நாளைக்கு, நாளைக்கு என்று ஐந்து மாதம் ஓடிற்று. பாவி மனுஷன், மறந்தே போனார். அவளும் போய்விட்டாள்.

ஒரு மாதம் கழித்து மகள் கட்டிலைப் பிரித்தபோது, பெட்டியைக் கணினியில் மாட்டிப் பார்த்தார். எந்தப் பட்டன் எத்தனை தடவை என்று அது எண்ணி வைத்திருந்தது. தண்ணீர் தொண்ணூறு. வலி நாற்பத்தொன்று. நாலாவது, முந்நூற்றுப் பன்னிரண்டு.

அந்தப் பெட்டிக்குத் தன் கம்பைலர் போட்டிருந்த அட்டவணையைத் திறந்தார். நாலாவது கட்டத்தில் ‘ஒன்றும் செய்யாதே’யின் முகவரி. துளிப் பிழையில்லை. எல்லாம் அவரே எழுதிய விதிப்படி.

"அம்மா இதை அழுத்தினாங்களா?" என்று மகளிடம் கேட்டார்.

"தினமும் அழுத்துவாங்கப்பா. பட்டன்ல சிவப்பு லைட் எரியுமில்ல? வாசலையே பாத்துட்டிருப்பாங்க. நான் போய்க் கூப்பிடட்டுமான்னு கேட்டா, வேண்டாம்னு கையை ஆட்டுவாங்க. ‘கூப்பிட்டாச்சு. வேலையா இருப்பார், வருவார்’னு எழுதுவாங்க."

அவர் உட்கார்ந்து நாலாவதற்கு எழுதினார். மூன்றே வரி. பெட்டியை மகள் கையில் கொடுத்து அழுத்தச் சொன்னார். பக்கத்து அறையில் மணி அடித்தது.

"பத்து நிமிஷ வேலைம்மா" என்றவர், முகத்தைப் பொத்திக்கொண்டு ஓவென்று அழுதார்.