கண் மாத்தையாவும் திருப்பாத அட்டையும்

எங்கள் தோட்டத்துக்கு வந்து கண் பார்த்த ஐயா, கண் மாத்தையா, போய்விட்டார். முந்தாநாள் விடியக்காலையில்... தூக்கத்திலேயே.

ஆறு மாதம் படுக்கையில் கிடந்து பட்ட பாடு கொஞ்சமில்லை. வலி இல்லாமல் போனார் என்று அவர் மகள் போனில் சொன்னதும் எனக்கு அப்பாடா என்றுதான் இருந்தது.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது, அதனால்தான் இந்தப் போஸ்ட்.

கஹவத்தைப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினேன். கண் மங்க மங்க, கத்தி பட்டையைத் தாண்டி மரத்தில் இறங்கத் தொடங்கியது.

"இன்னொரு மரம் காயப்பட்டுச்சுன்னா ஒனக்கு பால்வெட்டு இல்ல, புல்லுவெட்டுதான்" என்று கங்காணி சொல்லிவிட்டார்.

கிளினிக் எல்லாம் காலையில்தான் வரும். அந்நேரம் நாங்கள் மரத்தடியில் நிற்போம். அது கண் மாத்தையாவுக்கு மட்டும்தான் புரிந்தது. நாங்கள் பாலைக் கொடுத்துவிட்டு வந்த பிறகு, மத்தியானத்தில், தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் மேசை போடுவார். செக்கப் ஃப்ரீ. தோட்டத்து ஆட்களும் பக்கத்துக் கிராமத்துச் சிங்கள ஆட்களும் ஒரே கியூ.

வாசிக்கத் தெரியாது என்று சொல்ல வெட்கம். முன்னால் நின்றவர்கள் எழுத்து அட்டையை வாசிப்பதைக் கேட்டேன். ப, ட, ம, ர, க... இரண்டு தடவை கேட்டால் எனக்கு மனப்பாடம்.

என் முறை வந்தது. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு கடைசி வரி வரை ஒப்பித்தேன். அடுத்த கண்ணுக்கும் அதேதான்.

மாத்தையா கிட்ட வந்து மெதுவாகச் சொன்னார். "அண்ணே... அட்டையில இப்ப சிங்கள எழுத்து."

எனக்கு முன்னால் வாசித்தது கிராமத்து அம்மா. அவருக்காகச் சிங்களப் பக்கம் திருப்பிய அட்டையை யாரும் மறுபடி திருப்பவில்லை; மனப்பாடம் பண்ணுவதிலேயே இருந்த நான் அதைக் கவனிக்கவில்லை.

அவர் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "இந்த போர்ட் சரி இல்ல! எல்லாருக்கும் வேற போர்ட்ல பாக்கணும்" என்றார். சீப்பு மாதிரி மூன்று கால் நீட்டிய படங்கள் போட்ட அட்டை. கால் எந்தப் பக்கம் என்று விரலால் காட்டினால் போதும்.

"பாஸானவங்கள ஃபெயில் ஆக்கப் போறீங்களா மாத்தையா?" என்று, வாசித்து முடித்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த செல்லையா கத்தினான்.

விரல் காட்டச் சொன்னதும் அவனும் மாட்டினான்! என்னை மாதிரியே ஒப்பித்திருக்கிறான், கள்ளன்.

எனக்கு இரண்டு கண்ணிலும் புரை. மாத்தையாவே லெட்டர் எழுதி, நாள் எடுத்து, தன் வேனிலேயே ஆபரேஷனுக்குக் கூட்டிப்போனார். காசு வாங்கவில்லை.

இரண்டு கண்ணும் முடிந்த பிறகு அந்தப் பழைய அட்டையைக் காட்டினார். "இப்ப எப்பிடி அண்ணே?"

"எழுத்தெல்லாம் பளிச்சுனு இருக்குங்க. வாசிக்கத்தான் ஏலாது."

அப்போதுதான் சிரித்தார்... வேன் டிரைவர் எட்டிப் பார்க்கிற அளவுக்கு.

ரிட்டயர் ஆகும்வரை பால்தான் வெட்டினேன். அவர் கடைசிவரை யாரிடமும் இதைச் சொல்லவில்லை. இன்றைக்கு நானே சொல்லிவிட்டேன்.

நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். சரியான சனம். வாசலுக்கு வெளியேதான் இடம் கிடைத்தது.

அங்கே நின்றே உங்கள் முகம் தெளிவாகத் தெரிந்தது, மாத்தையா. நெற்றியில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

போயிட்டு வாங்க.