மூன்றாவது பாட்டு முடியும்வரை

இன்று ஆபீஸ் கேன்டீனில் கஞ்சி அடிப்பிடித்த வாசனை வந்ததும், நெருப்பெரிச்சல் என்ற ஊரில் சிறுவயதில் நாங்கள் குடியிருந்த லைன் வீடுகள் நினைவுக்கு வந்தன. இப்போது அங்கே ஒரு பனியன் கம்பெனியின் குடோன் நிற்கிறது.

அடுத்த வீட்டில் மாரப்பனும் அவர் மனைவி சரசாளும் இருந்தார்கள். அறுபதைத் தொட்டும் தொழிற்சங்கத்தை விடாத அந்த இருவரும், வேலைநிறுத்தம் என்றால் கூலியில்லாமல் நிற்பவர்களுக்கு வாசலில் கஞ்சித்தொட்டி திறந்துவிடுவார்கள். சரசாள் அண்டாவில் அரிசியைப் போட்டு மூட, மாரப்பன் காலி எண்ணெய் டின்னைத் தட்டிப் பாட, மூன்றாவது பாட்டு முடிந்ததும் மூடியைத் திறந்துகூடப் பார்க்காமல் சரசாள் அடுப்பு விறகை இழுத்துவிடுவார், பதம் ஒருநாளும் தவறியதில்லை. கடிகாரம் பார்த்தும் குழையவிடும் என் அம்மாவுக்கு அதில் பொறாமை.

ஒருமுறை இரண்டாவது பாட்டின் நடுவில் போலீஸ் வந்து மாரப்பனை வேனில் ஏற்றிக்கொண்டு போனது. சரசாள் அகப்பையோடு நின்றபடியே இருந்தார், விறகை இழுக்கவில்லை. தெருவெல்லாம் தீய்ந்த வாசனை. வரிசையில் நின்றவர்கள் அதையே வாங்கிக் குடித்தார்கள்.

சாயங்காலம் மாரப்பனை விட்டுவிட்டார்கள். வந்தவர் மிச்சக் கஞ்சியில் ஒரு வாய் குடித்துவிட்டு, "ஏனம்மிணி, இப்படித் தீய உட்டுட்டே?" என்றார்.

"நீங்க பாடி முடிக்கவே இல்லீங்களே" என்றார் சரசாள்.

மாரப்பன் டின்னை மடியில் எடுத்துவைத்து, விட்ட அடியிலிருந்து தொடங்கி மூன்றாவது பாட்டுவரை பாடினார். அது முடிந்த பிறகுதான் சரசாள் எழுந்துபோய், எப்போதோ அணைந்து கிடந்த விறகை அடுப்பிலிருந்து இழுத்துவிட்டார்.