சோலைக்குள் பெண்கள் வேண்டாம்

பழநி அடிவாரத்தில் அப்பாவுக்குப் பூசைச் சாமான் கடை. மலையேற வருகிறவர்களுக்கு விபூதியும் கற்பூரமும் விற்றே என்னை எம்.எஸ்ஸி. வரை படிக்கவைத்தார். அந்த விஷயத்தில் அவரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் கடைசி வருடம் ஒரு நிபந்தனை போட்டார்.

"பஸ்ட் கிளாஸ் வாங்குனா மெட்ராசுக்கு ஆராய்ச்சிக்குப் போ, நான் குறுக்க நிக்கமாட்டேன். வாங்கலையா, தை மாசம் கல்யாணம். அதுக்கு மேல பேச்சே கெடையாது."

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. முதல் வகுப்பு வாங்கிவிடுவேன் என்று அவ்வளவு நம்பிக்கை.

அறுபதுகளின் தொடக்கம் அது. மதுரையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் படித்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் பெண்கள் மூன்றே பேர். கடைசி வருட மாணவர்களைத் துறையில் கொடைக்கானலுக்கு அழைத்துப்போவது வழக்கம். சோலைக்காடுகளுக்குள் போய்ச் செடிகளைப் பறித்து, காயவைத்து, அட்டைகளில் ஒட்டி, செய்முறைத் தேர்வன்று காட்ட வேண்டும். அதற்கு மதிப்பெண் அதிகம். அதில் கோட்டைவிட்டால் முதல் வகுப்பு போயே போய்விடும்.

கொடைக்கானலில் நாங்கள் தங்கிய பங்களாவின் படியில் நின்றுகொண்டு, போன மறுநாள் காலையிலேயே பேராசிரியர் அறிவித்தார்.

"பசங்க எல்லாரும் கிளம்புங்க. லேடி ஸ்டூடண்ட்ஸ் இங்கேயே இருங்க. சோலைக்குள்ள ரத்தம் உறிஞ்சுற அட்டை இருக்கு, காட்டெருமை இருக்கு. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா உங்க அப்பாமாருக்கு நான்ல பதில் சொல்லணும்?"

"அப்ப எங்க கலெக்‌ஷன், சார்?" என்று கேட்டேன்.

"உங்களுக்கும் சேத்து பசங்க கொண்டாருவாங்க. நீங்க பிரஸ் பண்ணி வைங்க. அது உங்களுக்கு நல்லா வரும்."

நல்லா வருமாம்! செடியைப் பழைய செய்தித்தாள்களுக்கு நடுவில் விரித்து, மரச்சட்டத்தில் வைத்து இறுக்கிக் கட்ட வேண்டும். தாள் ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் பூஞ்சணம் பூத்துவிடும். துவைத்த ரவிக்கையே காயாத அந்த மூடுபனியில் எந்தத் தாள் காயும்? கரிப்பெட்டியைப் பற்றவைத்து, ஈரச் செய்தித்தாள்களை ஒவ்வொன்றாக இஸ்திரி போட்டோம். தாவரவியல் முதுகலை படிக்கப் போன நான் கொடைக்கானல் மலையில் கற்றது, தலைப்புச் செய்திகளைக் கருகாமல் தேய்ப்பது எப்படி என்பதைத்தான். பையன்கள் சாயங்காலம் சேறும் சிரிப்புமாகத் திரும்பி, செடி பறித்துப் போட்டுவந்த தகரப்பெட்டிகளை எங்கள் முன்னால் கவிழ்ப்பார்கள். காப்பி கிடைக்குமா என்றும் கேட்பார்கள்.

காம்பவுண்டுக்குள் இருப்பதை வேண்டுமானால் பறித்துக்கொள்ளலாம் என்று எங்களுக்குப் பெரிய மனதோடு அனுமதி தரப்பட்டது. காம்பவுண்டுக்குள் என்ன இருந்தது? யூகலிப்டஸ், வாட்டில், டேலியா, பேரிக்காய் மரம். அத்தனையும் வெள்ளைக்காரன் கப்பலில் கொண்டுவந்தவை. மலையில் தானாக வளரும் செடிகள்தான் தேர்வில் செல்லும் என்பதைச் சொன்னவரும் இதே பேராசிரியர்தான்.

வெள்ளகவியிலிருந்து ஓர் அம்மாள் தலைச்சுமையாகக் கமலாப்பழம் கொண்டுவந்து பங்களாவில் விற்பாள். அந்த ஊருக்கு ரோடு கிடையாது. பையன்கள் ஏதோ படையெடுப்புக்குப் போவதுபோலக் கிளம்பிப் போன அதே சோலை வழியாகத்தான் அவள் கூடையோடு ஏறி வரவேண்டும். அட்டை கடிக்காதா, காட்டெருமை வராதா என்று கேட்டேன்.

"அது பாட்டுக்கு அது கெடக்கும், நாங்க பாட்டுக்கு வெள்ளனே கிளம்பி வருவோம். எங்க சோலிய யாரு பாக்குறது?" என்று சொல்லிவிட்டு, "நீங்க என்னங்கம்மா, வந்ததுலேருந்து காயிதத்தையே தேச்சுக்கிட்டிருக்கீங்க?" என்றாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே பேராசிரியரிடம் போனேன். "அந்தம்மா தெனமும் வர்ற வழியில நாங்க போகக்கூடாதா சார்?" என்றேன்.

"அவங்க வேற, நீங்க வேற" என்றார். அவ்வளவுதான் பதில். படித்த பெண் என்றால் ஒரு கூடைக்காரிக்கு இருக்கிற உரிமைகூடக் கிடையாது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

மதுரைக்குத் திரும்பி, செடிகளை அட்டைகளில் ஒட்டினோம். ஒவ்வொன்றின் மூலையிலும் பறித்தவர் பெயர் எழுத வேண்டும். "உங்க பேரையே போட்டுக்குங்க. எல்லா வருஷமும் அப்படித்தான்" என்றார் பேராசிரியர். எங்களுக்கு முன்னால் படித்த பெண்களும் போட்டார்கள். என்னோடு படித்த இருவரும் போட்டார்கள். எனக்குக் கை வரவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டேன்.

தேர்வு நடத்த மெட்ராசிலிருந்து ஒருவர் வந்திருந்தார். அட்டைகளைப் புரட்டிக்கொண்டே வந்தவர், மரத்தில் தொற்றி வளரும் ஓர் ஆர்க்கிட்டில் நிறுத்தினார். ஆர்க்கிட் காய்ந்தால் கறுத்துப்போகும்.

"பறிக்கிறப்ப பூ என்ன கலர்மா?"

ஏதோ ஒரு நிறத்தைச் சொல்லியிருக்கலாம். சாயங்காலம் தகரப்பெட்டியிலிருந்து விழுந்தபோதே அது கசங்கிப் பழுத்துப் போயிருந்தது.

"தெரியாது சார். நான் பறிக்கல. எங்களச் சோலைக்குள்ள விடல."

அவர் பேராசிரியரைப் பார்த்தார். என் பேராசிரியர் ஜன்னல் வழியாக வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். 'ஆமாம், நான்தான் விடவில்லை' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை.

"களப்பணியே செய்யாதவங்களுக்கு அதுக்கு நான் எப்படிம்மா மார்க் போடறது?" என்றார் வந்தவர். அவருடைய கேள்வியில் தப்பே இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

முதல் வகுப்பு போயிற்று. பேராசிரியர் அறைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்த நான் எப்பேர்ப்பட்ட பைத்தியம்! அவருக்குத்தான் என்மேல் கோபம்.

"வெள்ளைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சுபோயிருக்கும். வெளியூர்க்காரன் முன்னால டிபார்ட்மெண்ட் மானத்த வாங்கிட்டீங்களே!"

அப்பா சொன்ன சொல் தவறாதவர். தை பிறந்ததும் முகூர்த்தம் வைத்துவிட்டார். கல்யாணத்துக்குப் பேராசிரியரும் வந்தார், பட்டு அங்கவஸ்திரத்தோடு. மேடையேறி, மாப்பிள்ளையின் தகப்பனார் கையைப் பிடித்துக்கொண்டு உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"என்னோட பெஸ்ட் ஸ்டூடண்ட்ங்க. படிப்ப நிறுத்திட்டா. எங்க துறைக்கே நஷ்டம்."

நிறுத்திட்டாவாம். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் உச்சுக்கொட்டினார்கள்.

"குருவாச்சே, ரெண்டு பேரும் கால்ல விழுந்து கும்பிட்டுக்கங்க" என்றார் அப்பா. மாப்பிள்ளை உடனே விழுந்தார். பேராசிரியர் கையை உயர்த்தி, எனக்காகவும் காத்துக்கொண்டு நின்றார். அப்பா என் தோளைப் பிடித்து அழுத்தினார்.

நான் குனியவில்லை.