வயிற்று வலி என்று சொன்னேன்

1959 சித்திரை மாதம். விழுப்புரத்தில் ஆசிரியர் பயிற்சியை முடித்துவிட்டுக் கெடாரில் வீட்டோடு இருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். ஆனியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் ஆரம்பித்தது. சூடு என்று அம்மா கால் கட்டைவிரல் நகத்தில் சுண்ணாம்பு தடவினாள். நிற்கவில்லை. எரிச்சலுக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்தேன், இன்னும் கூடியது. வேட்டியில் கசிவின் கறையும் தெரிந்தபோது ஆடிப்போய்விட்டேன். பஸ் ஸ்டாண்டில் யாரோ, ஊர் ஊராக லாட்ஜில் தங்கி ரகசிய நோய்களுக்கு மருந்து கொடுக்கும் வைத்தியரின் நோட்டீஸ் கொடுத்தார்கள். அதில் இதே அறிகுறிகளைப் போட்டு, இப்படிப்பட்டவன் மணம் முடித்தால் பெண்ணின் வாழ்வே பாழ் என்று அச்சிட்டிருந்தது. எந்தத் தப்புக்கும் போகாதவன் நான். ஆனாலும் அச்சில் வந்ததைப் பொய் என்று நினைக்க எனக்குத் தெரியாது. கல்யாணத்தை நிறுத்திவிடுவதென்றே முடிவு செய்தேன். அதற்கு முன் ஒரு டாக்டரிடம் கேட்டுவிடலாம் என்று, தெரிந்த முகம் இல்லாத திண்டிவனத்துக்கு ரயிலேறினேன்.

அங்கே ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தது பெண் டாக்டர். உள்ளதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வயிற்று வலி என்று சொல்லிவிட்டேன். அவரும் வயிற்றை அமுக்கிப் பார்த்து மருந்து எழுதிக் கொடுத்தார். நான் கதவைத் தாண்டுவதற்குள், எனக்கு அடுத்து நின்ற விவசாயி துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

"ஒண்ணுக்குப் போனா நெருப்பாட்டம் எரியுதும்மா. சீழு வேற வருது. வெளியூரு போன எடத்துல கொஞ்சம் தப்பாயிடுச்சி."

டாக்டர் முகம் சுளிக்கவில்லை. ஊசியில் குணமாகிவிடும், ஆனால் மனைவியையும் கூட்டிவர வேண்டும் என்றார். அவளுக்கு ஒன்றுமில்லையே என்று விவசாயி இழுத்தார். வெளியே தெரியாமலும் இருக்கலாம், அவளுக்கும் பார்த்தால்தான் உங்களுக்குத் திரும்ப வராது என்று டாக்டர் விளக்கினார்.

"நாளைக்கே இட்டுக்கினு வர்றேம்மா" என்றார் அவர்.

கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்த நான் திரும்பி வந்தேன். "டாக்டரம்மா, எனக்கு வயித்து வலி இல்லீங்க. இவருக்கு இருக்கிறாப்பலதான்."

விவசாயி என்னை மேலும் கீழும் பார்த்தார். "அடப்பாவி தம்பி, முன்னாடியே நீ சொல்லியிருந்தா எனக்கும் தைரியம் வந்திருக்கும். எம்மா நேரம் வேர்த்துக்கினு நின்னேன் தெரியுமா?"

கசிவையும் சிறுநீரையும் சோதித்துவிட்டு, கிருமி ஏதும் இல்லை என்றார் டாக்டர். எதைப் போட்டுக் குளிக்கிறீர்கள் என்று கேட்டார். சுத்தம் சுத்தம் என்று, ஹாஸ்டலில் பழகியபடி கார்பாலிக் சோப்பைப் போட்டு அந்த இடத்தை நாளுக்கு மூன்று தரம் தேய்த்துக் கழுவியதைச் சொன்னேன். அந்தக் காரத்தில் சிறுநீர்க் குழாய் புண்ணாகியிருக்கிறது, தண்ணீர் குறைந்ததில் எரிச்சல் ஏறியிருக்கிறது என்றார். கல்யாணத்தை நிறுத்தப் போவதையும் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"கல்யாணத்தை ஏன் நிறுத்தணும்? சோப்பை நிறுத்துங்க. தண்ணி நிறையக் குடிங்க."

கல்யாணத்துக்கு வெகு முன்பே குணமாகிவிட்டது. இப்போது பத்து வருஷமாக ஆசிரியனாக இருக்கிறேன். வகுப்பில் உடற்கூறு பாடம் நடத்தும்போது, மற்ற ஆசிரியர்கள் கூச்சப்பட்டுத் தாண்டிவிடும் பக்கத்தையும் நான் நடத்துகிறேன். அங்கே சந்தேகம் கேட்க ஒரு பையன் தயங்கித் தயங்கி எழுந்தால், அவன் கேட்டு முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிவிடுகிறது.